கோலைப் பிடித்திருப்பவர் யார்?

சந்தைக்குப் போய்த் திரும்பும் மாட்டுவண்டியிலே வண்டிக்காரன் உறங்கிவிடுவதுண்டு. பழகிய மாடுகள் பாதை தவறாமல் நடந்து, வண்டியை வீட்டு வாசலிலே கொண்டுவந்து நிறுத்திவிடும். ஆனால், அன்றைக்கு வண்டிக்காரன் வேறோர் ஊருக்குப் போக எண்ணியிருந்தால் என்ன நிகழும்? மாடுகள் அப்போதும் வீட்டுக்கே வந்து சேரும். அவை அறிந்த கட்டளை அது ஒன்றே, அவற்றின்மீது குற்றமில்லை. ஆகாய விமானத்தைத் தானே செலுத்தும் பொறியாகிய தன்னியக்க விமானியைப் பற்றி எண்ணும்போது, இந்த மாடுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெயரிலே விமானி என்று இருப்பினும், அதற்குப் போகுமிடம் தெரியாது. கீழே கடல் இருப்பதும் தெரியாது. எந்த நிலையைக் காத்துக்கொள் என்று சொல்லப்பட்டதோ, அந்த நிலையைக் காத்துக்கொண்டிருக்கும்.

இப்பொறியின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகருக்கு அருகே சேன் நதியின்மேல் லோரன்ஸ் ஸ்பெறி என்னும் அமெரிக்க இளைஞர் தமது நீர் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். மக்கள் கூடி நின்ற கரையோரமாக விமானம் தாழப் பறந்தபோது, அவருடைய துணையாளர் இறக்கையின்மேல் ஏறி நடந்தார். ஸ்பெறியோ இரு கைகளையும் மேலே தூக்கியபடி இருந்தார். எவருடைய கையும் கோலின்மீது இல்லை. ஆயினும் விமானம் சாயவில்லை. உள்ளே சுழன்றுகொண்டிருந்த சிறு பம்பரங்கள், விமானம் சாய முற்பட்டபோதெல்லாம் அதனை உணர்ந்து இறக்கைகளின் சுக்கான்களை அசைத்தன. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது என்ற ஒரே உண்மையின்மேல் எழுந்தது அந்த வித்தை.

இறக்கையுள்ள விமானத்துக்கு இவ்வித்தை இலேசாகப் பொருந்திற்று. அதற்குக் காரணமுண்டு. நன்கு அமைக்கப்பட்ட விமானம் இயல்பாகவே அடக்கமுடையது. காற்று அதன் மூக்கைச் சற்று உயர்த்தினால், வாற்பகுதி அதனைத் தாழ்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். விமானி சிறிது நேரம் கோலை விட்டுவிட்டாலும் பெருங்கேடு நிகழ்ந்துவிடுவதில்லை. அத்தகைய குணசாலிக்கு ஒரு பம்பரத்தின் துணையும் வாய்த்தால் கேட்க வேண்டியதில்லை.

ஹெலிகொப்டர் அவ்வாறன்று. உலங்கு வானூர்தி எனத் தமிழிலே வழங்கும் இவ்வூர்தி, அந்தரத்திலே நிற்கும்போது, கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் உச்சியிலே நிறுத்திய கோலிக்குண்டைப் போன்றது. ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே நகரும். நகர்ந்த பின் தானாக நின்ற இடத்துக்குத் திரும்பாது. அதைச் செலுத்துபவருக்கு மூன்று கருவிகள் உண்டு. முழங்கால்களின் நடுவே நிற்கும் கோல் ஒன்று. அதனை எப்பக்கம் சாய்த்தாலும் மேலே சுழலும் விசிறித் தட்டு அப்பக்கம் சாயும், ஊர்தியும் அத்திசையிலே செல்லும். அதனை நடுக்கோல் எனலாம். இடக்கைப் பக்கத்திலே ஒரு நெம்பு உண்டு. அதனை உயர்த்தினால் விசிறி அலகுகள் எல்லாம் ஒருசேரச் சரிந்து காற்றை வலுவாகத் தள்ள, ஊர்தி மேலெழும். காலடியிலே இரு மிதிகள். அவை மூக்கை இடமும் வலமும் திருப்புவன.

மூன்றும் தனித்தனியே தம் தொழிலைச் செய்தால் துன்பமில்லை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கலைந்துவிடும் என்பதே இவ்வூர்தியின் தொல்லை. இடக்கை நெம்பை உயர்த்தினால் இயந்திரத்தின் முறுக்கம் கூடும். விசிறி ஒரு பக்கம் சுழல, உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். உடனே மிதியை அழுத்தவேண்டும். மிதியை அழுத்தினால் வால் விசிறி ஊர்தியைப் பக்கவாட்டிலே தள்ளும். அதற்கு நடுக்கோலைச் சாய்க்கவேண்டும். நடுக்கோலைச் சாய்த்தால் உயரம் சற்றுக் குறையும். மீண்டும் நெம்பை உயர்த்தவேண்டும். எந்த மிதியை அழுத்துவது என்பதிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்க ஹெலிகொப்டர்களின் பெருவிசிறி, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலே சுழலும். பிரெஞ்சு ஹெலிகொப்டர்களிலே முள்ளின் திசையிலேயே சுழலும். ஒன்றிலே பழகிய கால் மற்றொன்றிலே ஏறியதும் தவறான மிதியையே தேடும்.

ஆகவே, ஹெலிகொப்டருக்குத் தன்னியக்கத் துணை சொகுசுக்கு மட்டும் வேண்டப்பட்டதன்று. இகோர் சிகோர்ஸ்கி தமது வி.எஸ்.-300 என்னும் ஊர்தியை 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கயிற்றாலே தரையோடு பிணைத்தபடியே முதன்முதல் மேலே எழுப்பினார். அடங்காத அந்த ஊர்தியைக் கட்டிவைத்துப் பழக்கியமை அறிவுடைய செயலே. அதே காலத்தில் ஆர்தர் யங் என்ற மற்றோர் அமெரிக்கர், சிறு மாதிரிகளைத் தாமே செய்து சோதித்து, பெருவிசிறியின் அலகுகளுக்குக் குறுக்கே, இரு முனைகளிலும் பாரம் பொருத்திய ஒரு தண்டைச் சுழலவிட்டார். அத்தண்டும் பம்பரத்தைப் போன்றதே. உடல் சாய்ந்தாலும் அது தன் தளத்தைச் சிறிது நேரம் காத்து, அலகுகளின் சரிவைத் திருத்திற்று. 1946ஆம் ஆண்டிலே பொதுமக்கள் பயனுக்கென அமெரிக்க அரசின் சான்று பெற்ற பெல்-47 என்னும் ஹெலிகொப்டரின் தலைமேல் சுழன்றது இத்தண்டே. மின்சாரமோ கணினியோ இல்லாத, இரும்பாலான தன்னியக்க விமானி என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

பின்னர் மின்பொறிகள் வந்தன. இக்காலத்துப் பெரிய ஹெலிகொப்டர்களிலே இப்பணி படிப்படியாகப் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. அடிப்படியிலே இருப்பது தளம்பலை அடக்கும் பொறி. விமானி எங்கே செல்ல விரும்புகிறார் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. திடீரென எழும் அசைவை மட்டும் மெல்ல அமர்த்தும். அதற்கு மேற்படியிலே, ஊர்தியின் சாய்வை அப்படியே காக்கும் பொறி. அதற்கும் மேலே உயரத்தையும், திசையையும், வேகத்தையும், இறங்கும் விகிதத்தையும் காக்கும் கட்டளைகள். கடலின்மேல் உயிர் மீட்கும் ஊர்திகளிலே, அலைகளுக்கு மேல் ஓரிடத்தில் அசையாது நிற்கச் செய்யும் கட்டளையும் உண்டு.

இங்கே கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பொறியின் கைகள் இருவகைப்பட்டவை. ஒரு கை மிக விரைவானது, ஆனால் குறுகியது. கோலுக்கும் விசிறிக்கும் இடையிலுள்ள தண்டிலே அது பொருந்தியிருக்கிறது. விமானியின் கோல் அசையாமலே அது விசிறியை அசைக்கும். ஆயினும் பல ஹெலிகொப்டர்களிலே முழு அசைவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குக்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை. மற்றக் கை மெதுவானது, ஆனால் நீளமானது. அது விமானியின் கோலையே பிடித்து மெல்ல மெல்ல நகர்த்தும். விரைவான கையின் அதிகாரத்தை ஏன் குறைத்தார்கள்? பொறி பழுதுபட்டு ஒரு பக்கமாக முழுவதும் இழுத்தாலும், விமானி அதனை வென்று ஊர்தியைக் காப்பாற்ற இயலவேண்டும். மீதிப் பங்கு அவருடைய கையிலேயே இருக்கிறது. பொறியின்மீது வைத்த நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் இந்தப் பங்கீடே அளவுகோல்.

விமானி புதிய நிலையொன்றை விரும்பினால் அதனைப் பொறிக்கு எவ்வாறு அறிவிப்பது? நடுக்கோலிலே ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் கோலைப் பற்றியிருக்கும் பிடி தளரும். விமானி கோலை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை விட்டதும், பிடி மறுபடியும் இறுகும். கோல் அவ்விடத்திலேயே நிற்கும். பொறியும் அதனையே புதிய கட்டளையாகக் கொள்ளும். சொல்லின்றி நிகழும் இந்த உடன்படிக்கைக்கு ட்ரிம் என்று பெயர். பொத்தானை அழுத்தாமலே கோலைத் தள்ளினால், பொறி அதனை ஒரு சிறு இடையூறாகவே கருதிப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

இந்த உடன்படிக்கையை நன்கு விளங்கிக்கொள்ள இன்று வானத்துக்குப் போகவேண்டிய அவசியமில்லை. சிமியுலேற்றர் எனப்படும் பறப்புப் பாவனைப் பொறிகள் தரையிலேயே அதனைக் காட்டுகின்றன. இவற்றின் தொடக்கம் ஓர் இசைக்கருவிப் பட்டறையிலே நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி. நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்டன் நகரிலே பியானோவும் ஓர்கனும் செய்துவந்தவரின் மகன் எட்வின் லிங்க், ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தரையிலிருந்தபடி சாயவும் திரும்பவும் வல்ல ஒரு பயிற்சிக் கூண்டை 1929ஆம் ஆண்டிலே அமைத்தார். முதலிலே அதனைக் களியாட்டப் பூங்காக்களே வாங்கின. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுசெல்லும் பணியிலே மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பின்னரே, இராணுவம் அதனைத் தேடி வந்தது.

இன்று விமானிகளின் பயிற்சிக்கு ஆறு கால்களின்மேல் அசையும் பெரிய அறைகள் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. வீட்டு மேசையின்மேலுள்ள கணினியிலே இயங்கும் பாவனைகளைப் பற்றியே சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பறப்புப் பாவனையிலே 1997ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பிலே முதன்முதலாக ஒரு ஹெலிகொப்டர், பெல்-206, இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டிலே அதே பாவனை புதுவடிவம் பெற்று வந்தபோது அதிலே ஹெலிகொப்டர் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பரிலேதான் பிரான்சின் கப்ரி ஜி-2, அமெரிக்காவின் பெல்-407 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. முன்னே சொன்ன மிதிக் குழப்பத்தை அனுபவிக்க விரும்புவோர் இவ்விரண்டையும் மாறி மாறிச் செலுத்திப் பார்த்தாற் போதும். ஒன்றின் விசிறி சுழலும் திசைக்கு மற்றதன் விசிறி எதிரானது. ஒஸ்டின் மேயர் என்பவர் இயற்றிய எக்ஸ்-பிளேன் என்ற பாவனையோ, விசிறி அலகைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் காற்றுத் தரும் விசையைக் கணந்தோறும் கணக்கிட்டு ஊர்தியை இயக்குகிறது.

ஆயினும், தன்னியக்க விமானியின் குணத்தை இலட்சணமாகக் காட்டியது மற்றொரு பாவனை. டி.சி.எஸ். பிளாக் ஷார்க் என்ற பெயரில் 2008ஆம் ஆண்டு வெளியானது அது. ரஷ்யாவின் காமோவ் நிறுவனம் அமைத்த கா-50 என்னும் போர் ஹெலிகொப்டரை அது பாவனை செய்கிறது. இந்த ஹெலிகொப்டருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிரே சுழலும் இரு பெருவிசிறிகள். வால் விசிறி கிடையாது. இருக்கையும் ஒன்றே. மற்றப் போர் ஹெலிகொப்டர்களிலே ஒருவர் ஊர்தியைச் செலுத்த இன்னொருவர் ஆயுதங்களைக் கவனிப்பார். இதிலோ ஒருவரே இரண்டையும் செய்யவேண்டும். ஆதலால் தன்னியக்க விமானியே இங்கு இரண்டாம் ஆளாகிறது. வலப்பக்கப் பலகையிலுள்ள நீலநிறப் பொத்தான்கள் பக்கச்சாய்வு, மூக்குச்சாய்வு, திசை, உயரம் ஆகிய ஒவ்வொன்றையும் பொறியின் காவலிலே தனித்தனியாக ஒப்படைப்பதற்குரியவை.

புதிதாக இதனை ஓட்டத் தொடங்கியவர்களின் அனுபவம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. கோலை இடப்பக்கம் சாய்ப்பார்கள். ஊர்தி வேண்டாவெறுப்பாகத் திரும்பும். புதிய திசையை அடைந்ததும் கோலை நேராக்குவார்கள். ஊர்தி தானாகவே பழைய திசைக்குச் சுழன்று திரும்பிவிடும். மறுபடியும் திருப்புவார்கள்; மறுபடியும் அது திரும்பிவிடும். பாவனையிலே பிழை உண்டு என்று முறையிட்டோர் பலர். உண்மையிலே பிழை எங்கே இருந்தது? திசையைக் காத்துக்கொள் என்று பொறிக்குச் சொல்லியிருந்தார்கள். மாற்றுக் கட்டளை எதுவும் தரவில்லை. பொறியோ தன் ஐந்திலொரு பங்கு அதிகாரம் முழுவதையும் செலவிட்டு, ஓட்டுபவரோடு மல்லுக்கு நின்றது. எஞ்சிய நான்கு பங்கு அவரிடம் இருந்தமையால் ஊர்தி திரும்பத்தான் செய்தது. ஆனால், அவர் கை தளர்ந்த கணமே பொறி தன் கடமையை நிறைவேற்றிவிட்டது. வண்டி மாடுகள் வீடு திரும்பிய கதையே இதுவும்.

செய்யவேண்டியது எளிது. திரும்பத் தொடங்குமுன் ட்ரிம் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். அழுத்தியிருக்கும்வரை பொறி தன் காவலை நிறுத்தி, தளம்பலை அடக்குவதோடு அமைந்துகொள்ளும். வேண்டிய திசையையும் சாய்வையும் அடைந்து, ஊர்தி அமைதியான பின் பொத்தானை விடவேண்டும். விட்ட கணத்திலே எந்த நிலையோ அந்நிலையே புதிய கட்டளை. உயரத்துக்கும் அவ்வாறே, இடக்கை நெம்பிலுள்ள பிடியை அழுத்தி, உயரத்தை மாற்றி, விட்டதும் அவ்வுயரத்தைப் பொறி ஏற்றுக்கொள்ளும். இதனை அறியாது நெம்பை மட்டும் உயர்த்துபவர், தாம் ஏற்றியதைப் பொறி இறக்குவதைக் கண்டு திகைப்பார்.

இங்கே பாவனைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மெய்யான ஹெலிகொப்டரின் கோல் விட்ட இடத்திலேயே நிற்கும். வீட்டு மேசையின்மேலுள்ள ஜோய்ஸ்டிக் கோலிலோ சுருள்வில் இருக்கிறது. விட்டால் நடுவுக்கு ஓடிவிடும். ஆகவே, கணினி ஒரு தந்திரம் செய்யவேண்டியதாயிற்று. பொத்தானை விட்டதும், கோல் இருந்த இடத்தையே புதிய நடுவாகக் கணினி கொள்கிறது. ஓட்டுபவர் உடனே கையைத் தளர்த்திக் கோலை மேசையின் நடுவுக்கு விட்டுவிடவேண்டும். சற்றுத் தாமதித்தால், புதிய நடுவோடு அவர் கையின் சாய்வும் சேர்ந்து இருமடங்காகும். ஊர்தி பாய்ந்து புரளும். விரைந்து விடுவதும் எல்லாருக்கும் கைவருவதில்லை. அதனால், கோல் நடுவுக்குத் திரும்பும்வரை அதன் அசைவுகளைப் பொருட்படுத்தாதிருக்கும் ஏற்பாடு ஒன்றையும், சுருள்வில் இல்லாத கோல் வைத்திருப்போருக்கு வேறோர் ஏற்பாட்டையும் பாவனையின் ஆசிரியர்கள் பின்னர் சேர்த்தார்கள். சுருள்வில்லைக் கழற்றிவிட்டுப் பறப்பவர்களும் உண்டு; அவர்களுடைய கைப்பழக்கமே மெய்யான ஊர்திக்கு அண்மையானது.

இதற்கு மாறாக, டி.சி.எஸ். வரிசையிலேயே உள்ள யூ.எச்.-1 ஹெலிகொப்டரைச் செலுத்துவோருக்கு இத்தகைய சண்டைக்கு இடமேயில்லை. அதிலே தன்னியக்க விமானி கிடையாது. ஆர்தர் யங்கின் தண்டு தலைமேல் சுழல்கிறது. மற்றெல்லாம் கையும் காலும் செய்யவேண்டியவை. முதலிலே அதனை ஓட்டி, வியர்த்து, பின்னர் கா-50க்கு ஏறுவதே நல்ல முறை. ஒரு வேலையைத் தன் கையாற் செய்து பார்த்தவனுக்கே, அதைச் செய்யும் வேலையாளின் போக்கு விளங்கும்.

விளையாட்டு மேசையிலே ஊர்தி முரண்டு பிடித்தால் பொத்தானை அழுத்திப் புதிதாகத் தொடங்கலாம். கடலின்மேல் அதற்கு வழியில்லை. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆந் திகதி, வடகடலின் எண்ணெய்த் தளமொன்றிலிருந்து பணியாளர் 16 பேரையும் விமானிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, சூப்பர் பியூமா வகை ஹெலிகொப்டர் ஒன்று ஸ்கொட்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லண்ட் தீவுகளின் சும்பரோ விமான நிலையத்தை நோக்கிச் சென்றது. முகில் தாழ்ந்திருந்தது. கருவிகளைப் பார்த்தே இறங்கவேண்டிய வேளை. தன்னியக்க விமானி இயங்கிக்கொண்டிருந்தது; அதிலே பழுது எதுவும் இருக்கவில்லை.

அந்த ஊர்தியின் பொறி நான்கு கருவி வழிகளையும் காக்க வல்லது. மூக்கின் ஏற்றத்தாழ்வு, பக்கச் சாய்வு, திசை, இடக்கை நெம்பு என்பன அந்நான்கு. அன்று முதல் மூன்றே பொறியிடம் இருந்தன. இறங்கும் விகிதத்தை மாறாமற் காக்குமாறு பொறி பணிக்கப்பட்டிருந்தது. இடக்கை நெம்பு விமானியின் கையிலே விடப்பட்டிருந்தது. இந்தப் பங்கீட்டின் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொறியிடம் நெம்பு இல்லை. ஆகவே, இறங்கும் விகிதத்தைக் காக்க அதற்குள்ள ஒரே வழி, மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதுமே. விகிதம் கூடினால் மூக்கை உயர்த்தும். மூக்கு உயர்ந்தால் வேகம் குறையும். அந்த வேகத்தை நெம்பினாலே காக்கவேண்டியவர் விமானி.

வேகம் குறைந்தால் என்ன, வலுவும் குறைவாகத்தானே வேண்டும் என்று எவரும் எண்ணக்கூடும். தரையிலோடும் வண்டிக்கு அது சரி. ஹெலிகொப்டருக்குச் சரியன்று. அந்தரத்திலே நிற்க அதற்கு மிகுந்த வலு வேண்டும். முன்னே செல்லத் தொடங்கியதும் புதிய காற்று விசிறிக்குக் கைகொடுப்பதால் வேண்டிய வலு குறைகிறது. பல ஹெலிகொப்டர்களிலே மணிக்கு 60 முதல் 80 கடல் மைல் அளவான வேகத்திலே அது மிகக் குறைவாக இருக்கும். அதனினும் விரைந்தால் காற்றின் தடையால் மீண்டும் கூடும். எனவே, அந்தக் குறைந்த புள்ளிக்குக் கீழே வேகம் சரிந்துவிட்டால், ஒவ்வொரு மைல் வேகம் குறையும்போதும் மேலும் மேலும் வலு தேவைப்படுகிறது. நெம்பை உயர்த்தாவிட்டால் ஊர்தி கூடுதலாக இறங்கும். பொறி அதனைக் கண்டு மூக்கை இன்னும் உயர்த்தும். வேகம் இன்னும் குறையும். தேவை இன்னும் கூடும். தன் கடமையிலே சற்றும் தவறாத பொறி, அக்கடமையாலேயே ஊர்தியை மேலும் மேலும் இக்கட்டிலே தள்ளும்.

அன்று அதுவே நிகழ்ந்தது. வேகம் சரிந்துகொண்டே போனதை விமானிகள் உரிய நேரத்திலே கவனிக்கவில்லை. மீளமுடியாத நிலையை ஊர்தி அடைந்து, நிலையத்துக்கு மேற்கே 2 கடல் மைலுக்கும் குறைந்த தொலைவிலே கடலில் வீழ்ந்து கவிழ்ந்தது. 14 பேர் உயிர் தப்பினர். பயணிகள் நால்வர் மாண்டனர். பிரித்தானியாவின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, இறங்கும் வேளையின் பிற்பகுதியில் கருவிகள் செவ்வனே கண்காணிக்கப்படவில்லை என்பது முதன்மையான காரணமாகக் கூறப்பட்டது. அந்த இறக்கம் எவ்வாறு செய்யப்படும் என்பதைப் பற்றி இரு விமானிகளிடையே ஐயத்துக்கு இடமற்ற பொது விளக்கம் இருக்கவில்லை என்றும், நிறுவனத்தின் அன்றைய நடைமுறைகள் தன்னியக்கப் பொறியின் ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்த வழிகாட்டவில்லை என்றும் அறிக்கை குறித்தது. விமானிகளை மட்டும் பழித்துவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால், மூன்றைக் கொடுத்து ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, கவனம் ஒரு கணம் பிசகினாலும் பொறுக்காத ஏற்பாடு என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நான்கையும் பொறியிடம் ஒப்படைத்திருந்தால், அது நெம்பினால் உயரத்தையும் மூக்கினால் வேகத்தையும் காத்திருக்கும்.

இந்த நிலைமையை மேசைமுன் இருந்தபடியே கண்டறியலாம் என்பதிலேதான் பாவனையின் உண்மையான பயன் இருக்கிறது. இறக்கையுள்ள விமானத்துக்கென எழுதப்பட்ட தன்னியக்க முறையை அப்படியே ஹெலிகொப்டருக்கு இரவல் கொடுத்த பாவனைகளிலே இது எளிதாகத் தெரியவரும். விமானத்திலும் உயரத்தைக் காக்கும் பொறி மூக்கையே அசைக்கும். விமானி வலுவைக் குறைத்தால் அங்கும் வேகம் சரியும். ஹெலிகொப்டரிலோ வேகம் சுழியத்தை எட்டிய பின்னரும் விசிறி தாங்கிநிற்பதால், கேடு வருவது நெடுநேரம் வெளியே தெரிவதில்லை. மூக்கு மட்டும் மெல்ல உயர்ந்துகொண்டிருக்கும். தொடுவானம் கண்ணாடிக்குக் கீழே மெதுவாக மறையும்.

பாவனையால் இயலாதவையும் உண்டு. மெய்யான ஹெலிகொப்டர் வேகம் குறையும்போது உடல் முழுவதும் ஒரு நடுக்கம் பரவும். இருக்கையே விமானிக்குச் செய்தி சொல்லும். மேசைமுன் அமர்ந்திருப்பவருக்குக் கண் ஒன்றே துணை. ஆனால், முகிலினுள்ளே இறங்கும் விமானிக்கும் உடலின் உணர்வு நம்பத்தக்கதன்று. அவரும் கருவிகளையே பார்த்திருக்க வேண்டியவர். இந்த ஒன்றிலே இருவரும் ஒரே நிலையிலேதான் இருக்கிறார்கள்.

செய்து பார்க்க விரும்பும் நேயர்கள், கணினித் திரையிலே 1,000 அடி உயரத்தில், கீழே கடல் இருக்கத்தக்கதாக, உயரத்தை மூக்கினால் காக்கும் பொறியை இயக்கிவிட்டு, இடக்கை நெம்பை மட்டும் சற்றே தாழ்த்தி வைத்துவிட்டுக் கைகட்டி இருக்கட்டும். உயரமுள் அசையாது. அதனையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். அருகிலுள்ள வேகமுள்ளோ 90இலிருந்து 80க்கும், 70க்கும், 50க்கும் வந்துகொண்டிருக்கும். 50க்கு வந்ததும் நெம்பை உயர்த்தி, பொத்தானை அழுத்திக்கொண்டு மூக்கைத் தாழ்த்தி, மீண்டும் வேகம் பெறுவதற்குள் எத்தனை அடி இறங்கிற்று என்று குறித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை 30 வரை காத்திருந்து, அதேபோல் செய்து, அந்த அடிக்கணக்கையும் பக்கத்திலே எழுதிக்கொள்ளட்டும்.